கடலுக்கு லாயக்கில்லை

என் சித்தப்பாவைத் திட்டினால் பொறுத்துக்கொள்வார். அவர் படகைத் திட்டினால் மல்லுக்கு நிற்பார். அதற்கு வயது இருபத்தாறு. பழைய படகை உடைக்கச் சம்மதித்தால் புதுப் படகின் விலையில் பாதியை அரசாங்கம் மானியமாகத் தரும். ஆனால் அது கடலுக்கு லாயக்கில்லை என்று மீன்வளத்துறை ஆய்வாளர் எழுதித் தரவேண்டும்.

"அவர் என்ன சொன்னாலும் ஆமா போடுங்க. வாயத் தொறந்தீங்க, எல்லாம் போச்சு" என்று துறைமுகம் வரை சித்தி ஓதிக்கொண்டே வந்தாள்.

ஆய்வாளர் பேனாவால் பலகையைத் தட்டிப் பார்த்தார். "என்னங்க, பொணப்பெட்டி மாதிரி இருக்கு?"

"ஆமாங்க" என்றார் சித்தப்பா, பல்லைக் கடித்துக்கொண்டு.

"இதுல மீன் பிடிக்கப் போனா மீன்தான் உங்களப் பிடிக்கும்."

"ஆமாங்க."

சித்தியின் முகத்தில் புதுப் படகே மிதந்தது.

"இன்ஜின் ஸ்டார்ட்டாவது ஆகுமா?"

அதைத்தான் சித்தப்பாவால் தாங்க முடியவில்லை. "ஏறுங்க சார்!"

அடுத்த நிமிடம் படகு அலைத்தடுப்புச் சுவரைத் தாண்டிப் பறந்தது. அரை மணி நேரம் கழித்துத் திரும்பியபோது ஆய்வாளர் சொட்டச் சொட்ட நனைந்திருந்தார். சித்தப்பா புது மாப்பிள்ளை போல இறங்கினார்.

'நல்ல நிலையில் உள்ளது. இன்னும் பத்து ஆண்டுகள் தாராளமாக ஓடும். மானியத்துக்குத் தகுதியில்லை' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டார் ஆய்வாளர்.

சித்தி தலையில் கைவைத்து உட்கார்ந்துவிட்டாள். சித்தப்பா அதை இரண்டு முறை படித்துவிட்டு மெதுவாகக் கேட்டார்.

"சார், இதுல ஒரு காப்பி கெடைக்குமா? ஃப்ரேம் போடணும்."

"போடுங்க, போட்டு அதையே மூணு வேளையும் தின்னுங்க" என்றாள் சித்தி.