ஆற்றில் போட்ட சட்டை

தம்பி காய்ச்சலில் போனதும் எங்கள் தெருவுக்கு வந்த முதல் கவலை, அம்மா அழவில்லை என்பதுதான்.

அவனுக்கு ஒன்பது வயது. புதைத்துவிட்டு ஆண்கள் ஆற்றில் குளித்துத் திரும்பினார்கள். அம்மா சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருந்தாள். கண்ணில் ஒரு சொட்டுக்கூட இல்லை. பால் பொங்கிவிட்டதா என்று கேட்பதுபோல, "அழுதாளா, அழுதாளா" என்று கேட்டுக்கொண்டே வாசலில் ஒவ்வொருத்தராக வந்தார்கள்.

"அழாம இருந்தா நெஞ்சு அடைச்சிரும்ட்டி," என்றாள் எதிர்வீட்டுப் பெரியம்மை. தெருவில் எந்த வீட்டில் எழவு விழுந்தாலும் தலைமை அவள்தான். "அவன் சட்டை ஒண்ணு எடுத்துட்டு வா."

நான் எடுக்கவில்லை. அவளே கொடியிலிருந்து பள்ளிக்கூடச் சட்டையை உருவினாள். காய்ச்சலோடு வந்த அன்று அவன் கழற்றிக் கொடியில் எறிந்தது. துவைக்கவில்லை. அதை அம்மாவின் மடியில் போட்டு, "பாருளா, ஒம் மவன் சட்டை. இனி யாரு போடப் போறா?" என்றாள்.

அம்மா அதை முகத்தில் வைத்தாள். அவன் வியர்வை வாசம் அதில் அப்படியே இருந்தது. அப்புறம் அழுதாள். அந்தச் சத்தத்தை எனக்கு எழுதத் தெரியாது. சுற்றி இருந்தவர்கள் முகத்தில் ஒரு நிம்மதி வந்ததே, அதைப் பார்த்திருக்க வேண்டும். பெரியம்மை காப்பி கேட்டாள்.

அதன்பிறகு அம்மா சட்டையை விடவில்லை. அழுகையையும் விடவில்லை. அதுவும் தெருவுக்குப் பிடிக்கவில்லை. அழாவிட்டால் குற்றம், அழுதால் அளவோடு அழவேண்டும். நான் எட்டாம் வகுப்போடு நின்று அப்பளம் போடப் போகிறவள். அங்கேகூட வட்டம் கோணினால் திருப்பித் தருவார்கள், அவ்வளவுதான். இவர்கள் அதைவிடக் கறார்.

எங்கள் வீட்டில் அடுப்பு எரியவில்லை. முறைபோட்டுச் சோறு வந்தது. சொல்லத்தான் வேண்டும், நன்றாகவே இருந்தது. பெரியம்மை வீட்டுப் புளிக்குழம்பை மறுபடியும் ஊற்றிச் சாப்பிட்டேன். அவளைத் திட்டிக்கொண்டேதான் சாப்பிட்டேன்.

குழியில் பால் ஊற்றிய மறுநாள் காலையில் அம்மா கொஞ்சம் கண் அசந்தாள். எழுந்தபோது சட்டை இல்லை. அவன் டவுசர், துண்டு எதுவும் இல்லை. அதுவரை எங்கள் வீட்டைவிட்டு நகராத பெரியம்மையையும் காணோம். எனக்குப் புரிந்துவிட்டது. எங்கள் பக்கம் கழித்துப்போட வேண்டியது எதுவானாலும் ஆற்றில்தான் போடுவார்கள். பாவத்தையும் ஆறு கொண்டுபோக வேண்டும், பழைய சேலையையும் அதே ஆறு கொண்டுபோக வேண்டும்.

படித்துறைக்கு ஓடினேன். பெரியம்மை ஈரக் கையோடு ஏறி வந்தாள்.

"சட்டை எங்க?"

"விட்டாச்சு. அது கண்ணுல பட்டா ஒங்கம்மை தேறவே மாட்டாட்டி."

"நீங்கதான எடுத்து மடியில போட்டிய?"

"அது அன்னைக்கு. நல்லதுக்குத்தாம்ட்டி செய்யுதோம்."

"ஒங்க நல்லத ஒங்க வீட்டுலயே வச்சுக்கிடுங்க."

"ஏட்டி, வாயப் பாரு! எழவு வீட்டுக்காரின்னு பாக்கேன்."

ஆறு எதையும் கொண்டுபோகவில்லை. கடைசிப் படிக்குக் கீழே யார் யாரோ விட்ட வேட்டியும் சேலையும் பாசியோடு சுருண்டு கிடந்தன. முட்டளவு தண்ணீரில் நின்று ஒவ்வொன்றாக இழுத்தேன். ஒரு சிவப்புச் சேலைக்குள் சட்டை சிக்கியிருந்தது. நெஞ்சுப் பொத்தானில் கறுப்பு நூல். வெள்ளை நூல் கிடைக்காமல் நான் தைத்தது. அவனுடையதுதான்.

அம்மாவிடம் கொண்டுவந்து கொடுத்தேன். முகத்தில் வைத்தாள். எடுத்துப் பார்த்துவிட்டுத் திரும்பவும் வைத்தாள். காலரைத் திருப்பி மோந்தாள், கக்கத்தைத் திருப்பி மோந்தாள்.

"ஆத்து வாடைலா அடிக்கு," என்றாள்.

மடித்து என் கையில் தந்துவிட்டுச் சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டாள்.

சாயங்காலம் பெரியம்மை தூக்குவாளியோடு வந்தாள். காலையில் நடந்தது எதுவும் முகத்தில் இல்லை.

"அம்மை அழுதாளாட்டி?"

"இல்ல."

"பாத்தியா, நாஞ் சொன்னம்லா," என்று வாளியை என்னிடம் நீட்டினாள். "ஆறுததுக்குள்ள சாப்பிடச் சொல்லு."