சீர்வரிசையாக வந்த சாணம்

மாட்டுக்கொட்டகையின் தூணில் என் மனைவியின் சாணிக்கூடை மாட்டியிருக்கிறது. விளிம்பில் நீலப் பிளாஸ்டிக் கயிற்றால் அவளே போட்ட கட்டு இன்னும் தளரவில்லை. பால் கறக்க வருகிற பெண்மணி, நான் கேட்டுக்கொள்ளாமலே, தனக்கென்று ஓர் இரும்புச் சட்டி வைத்துக்கொண்டாள்.

நகரின் விளிம்பில் கழிவுநீர் சுத்திகரிப்பு நிலையம் எழுந்தபோது அதற்குப் பொறுப்பான பொறியாளன் நான். அங்கிருந்து வெளியேறும் நீர் சேரவேண்டிய ஓடை, வேலந்தாவளம் சாலைக்குத் தெற்கே, அவளுடைய பிறந்த வீட்டுத் தோட்டத்தை ஒட்டிப் போகிறது. நாங்கள் குடியிருந்ததும் அங்கேதான். சிறுமியாக அவள் மாடுகளுக்குத் தண்ணீர் காட்டிய ஓடை அது. புறநகர் பெருகி, வீட்டுச் சாக்கடைகளெல்லாம் அதில் இறங்கிய பின் அந்தப் பக்கத்து ஜன்னலை அவள் திறந்ததில்லை. ஆனாலும் சந்தையில் மாடு பிடித்து வரும்போதெல்லாம், ஒருநாள் இதற்கு ஓடையிலேயே தண்ணீர் காட்டவேண்டும் என்பாள்.

நிலையத்தை முதன்முதலில் இயக்கும்போது, கழிவைத் தின்று நீரைத் தெளியவைக்கும் நுண்ணுயிர்கள் தொட்டியில் பெருகவேண்டும். அதற்கு வித்தாகப் பசுஞ்சாணத்தைக் கரைத்து விடுவது எங்கள் தொழிலில் வழக்கம். இதைச் சொன்ன மாலையில் அவள் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள்.

"ஏனுங்க, அத்தன படிப்புப் படிச்சும் கடைசீல எங்க ஊட்டுச் சாணிக்குத்தான் வந்து நிக்கறீங்களா?"

மறுநாள் அக்கம்பக்கத்துக் கொட்டகைகளிலும் கேட்டு வாங்கி, இந்தக் கூடையால் அள்ளி அள்ளி டிராக்டரை நிறைத்து அனுப்பினாள். நிலையத்து வாசலில் ஓட்டுநர் கூவினார்: "சார், அம்மா ஊட்டுச் சீரு வந்திருக்குதுங்க!" தொழிலாளர்கள் சிரித்தார்கள். நானும் சிரித்தேன் என்றே நினைக்கிறேன்.

சில வாரங்களில் நீர் தெளிந்தது. கண்ணாடிக் குப்பியில் பிடித்து வந்து வெளிச்சத்தில் காட்டினேன். அவள் முகம் மலர்ந்தது. உடனே அதை மறைத்துக்கொண்டாள்.

"குப்பியில நல்லாத்தான் இருக்குதுங்க. எம் மாடு வாய் வெக்கட்டும், நம்பறேன்."

மாடு வாய் வைக்கவில்லை. கரைவரை வரும், மூக்கை நீட்டும், கழுத்தைத் திருப்பிக்கொள்ளும். ஓடையை விட்டுப் போன நாற்றம் அதன் நினைவை விட்டுப் போகவில்லை போலும். கொக்குகள் திரும்பி வந்தன. கரையில் கோரை பச்சை பிடித்தது. அவள் மாலைதோறும் கயிற்றைப் பிடித்துக்கொண்டு போய் வருவாள். வாசலிலிருந்தே, எனக்கு ஆறுதல் சொல்வதுபோல், "இன்னிக்கும் இல்லீங்க" என்பாள். நோய் அவளைக் கட்டிலில் சேர்த்த பிறகு கயிறு என் கைக்கு வந்தது. நான் திரும்பும் நேரம் அறிந்து கதவையே பார்த்தபடி படுத்திருப்பாள். இல்லை என்பதைத் தவிர, அவளிடம் சொல்வதற்குக் கடைசிவரை வேறொன்றும் எனக்கு வாய்க்கவில்லை.

அந்தப் பசுவுக்கு இப்போது வயதாகிவிட்டது. நிலையம் ஓடத் தொடங்கிய பின் அது ஈன்ற கிடாரி, சென்ற மாதம் ஒரு மாலை தாயின் பின்னாலேயே ஓடைக்கு வந்தது. சேற்றில் முன்கால்களை ஊன்றித் தலையைத் தாழ்த்தியது. உறிஞ்சும் ஓசை கேட்டது. தாடையிலிருந்து நீர் சொட்ட நிமிர்ந்து, மறுபடி குனிந்தது. தாய்ப்பசு தள்ளி நின்று பார்த்துக்கொண்டிருந்தது.

வீட்டுக்கு வந்து மாடுகளைக் கட்டினேன். உள்ளே போகவில்லை. தூணருகே நின்று கூடையின் நீலக் கட்டின்மேல் கையை வைத்தேன். அத்தனை ஆண்டுகள் உடன் வாழ்ந்தும் அவளுடைய பேச்சு என் வாயில் வந்ததில்லை. அன்று வந்தது.

"கெடாரி வாய் வெச்சிருச்சு."