ஸ்ரீமுஷ்ணம் போகும் பச்சைப் புடவை

விருத்தாசலம் பஸ் நிலையக் கடையில் இன்று ஒரு ஃபேஷன் இதழைப் புரட்டினேன். நடுப்பக்கங்கள் இரண்டும் நான் கம்ப்யூட்டரில் வடிவமைத்தவை. வடிவமைப்பு என்ற இடத்தில் அந்த இதழில் வேலை பார்க்கும் என் தோழி கவிதாவின் பெயர்.

"எடிட்டருக்குப் புடிக்கலடி" என்று போன மாதம் இதே பக்கங்களைப் பற்றிச் சொன்னவள் அவள்தான்.

போன் செய்தேன்.

"லேஅவுட்டுன்னா எல்லாம் ஒரே மாதிரிதான்டி இருக்கும். இது நான் பண்ணது."

"பச்சைப் புடவைப் படத்துக்குக் கீழ என்னா போட்டிருக்குது, படிடி."

படத்துக்கான வாசகம் வரும்வரை இடத்தை நிரப்ப, நம்மூர் கண்டக்டர் கூவுவதைத் தட்டிவைப்பது என் வழக்கம். கல்லூரியில் அதைப் பார்த்து விழுந்து விழுந்து சிரித்தவள், அச்சுக்கு அனுப்பும்போது படிக்கக்கூட இல்லை.

மெதுவாகப் படித்தாள்: "சேத்தியாத்தோப்பு, ஸ்ரீமுஷ்ணம்லாம் ஏறு..."

போனை வைத்துவிட்டாள்.

ஸ்ரீமுஷ்ணம் பஸ்ஸில் பச்சைப் புடவையை யாராவது பார்த்தால் சொல்லுங்கள். அது என்னுடையது.