தம்பியின் உச்சிக்குழி

தம்பி கைப்பிள்ளையாக இருந்தபோது அவன் உச்சிக்குழியில் விளக்கெண்ணெய் வைப்பது என் வேலை. உச்சி குழி விழுந்தால் பிள்ளைக்கு ஆகாது என்று சேரன்மகாதேவியில் எல்லோருக்கும் தெரியும். மேடானால் என்னவென்று யாருக்கும் தெரியாது.

அந்த மழைக்காலத்தில் அவனுக்குக் காய்ச்சல் கண்டது. பால் குடிக்கவில்லை. அம்மா எடுத்தால் வீரிட்டு அழுதான். பாயில் கிடத்தினால் அடங்கினான். பெற்றவள் கை பிடிக்காத பிள்ளையும் உண்டா என்று அம்மாவின் முகம் சுண்டிப்போயிற்று. அவளுக்கு ஆறுதலாக இருக்கட்டுமென்று நானும் தூக்கிப் பார்த்தேன். என்னிடம் இன்னும் கூடுதலாக அழுதான்.

மறுநாள் எண்ணெய் வைக்கும்போது விரலுக்குக் குழி தட்டுப்படவில்லை. உச்சி புடைத்து, தோல் மினுங்கியது. பார்க்க வந்த அத்தை அதைத் தடவிவிட்டு, "உச்சி நல்லா நெறஞ்சிருக்கு மயினி. பிள்ள தேறிருவான். நீங்க ஏன் மூக்கச் சிந்துதிய?" என்றாள். அக்கம்பக்கத்தில் எல்லாம் நான் அதையே சொல்லிவிட்டு வந்தேன்.

அம்மா மட்டும் நம்பவில்லை. "தொட்டா துடிக்கான். என்னமோ இருக்கு" என்றவள், அப்பாவை வயலிலிருந்து வரவழைத்துப் பாளையங்கோட்டை பஸ் ஏறிவிட்டாள். நானும் ஒட்டிக்கொண்டேன்.

ஆஸ்பத்திரியில் டாக்டரம்மா உச்சியை ஒருமுறைதான் தொட்டார். உடனே ஊசிக்கு ஆள் ஓடியது. முதுகுத்தண்டில் ஊசி குத்தி நீர் எடுத்துப் பார்த்தார்கள். தெளிவாக இருக்கவேண்டிய நீர் கலங்கியிருந்ததாம்.

"நான் எடுத்தாத்தான் அழுதான் டாக்டரம்மா" என்றாள் அம்மா.

"மூளையச் சுத்தியிருக்க சவ்வுல கிருமி ஏறிட்டும்மா. உள்ள வீங்குனதுலதான் உச்சி மேல தள்ளுது. தூக்குனா கழுத்தும் முதுகும் இழுத்து வலிக்கும். அதுக்குத்தான் அழுதான். உன் கை பிடிக்காம இல்ல."

அம்மா அப்போதுதான் வாய்விட்டு அழுதாள்.

பல நாள் ஊசிக்குப் பிறகு தம்பி சிரித்தான். தூக்கினால் அம்மாவின் தோளில் முகம் புதைத்துக்கொண்டான். வீட்டுக்கு அனுப்பும்போது, "சத்தத்துக்குத் திரும்புதானான்னு பாத்துக்கோ. இந்தக் காய்ச்சல் சில பிள்ளைகளுக்குக் காதத் தொட்டுட்டுப் போயிரும்" என்று டாக்டரம்மா சொன்னது என் காதிலும் விழுந்தது.

கோயில் கொடைத் திருவிழா வந்தது. எங்கள் வாசலுக்கு எதிரேயே வேட்டுப் போட்டார்கள். தெருவிலிருந்த குழந்தைகள் எல்லாம் அலறின. தம்பி தொட்டிலில் கண்ணைக்கூடத் திறக்கவில்லை.

"எங்க தம்பிக்குப் பயமே கெடையாது" என்று அத்தையிடம் பெருமையடித்தேன். அத்தை சிரித்தாள். அம்மா சிரிக்கவில்லை. அவன் விழித்ததும் மடியில் உட்காரவைத்து, தலைக்குப் பின்னால் கைதட்டினாள். அவன் திரும்பவில்லை. பித்தளைத் தட்டை எடுத்துத் தட்டினாள்.

புது விளையாட்டு என்று நினைத்துக்கொண்டு, நானும் ஒரு கரண்டியோடு ஓடிவந்து, சிரித்தபடி அம்மாவோடு சேர்ந்து தட்டினேன்.