தண்ணீர் வேண்டாம் என்று கையசைத்தேன்

மலேசியாவில், ஈப்போ நகரத்து டயர் கடையில் வேலை. வாரத்தில் ஆறு நாள். ஞாயிறு லீவு. எழுபதுகளின் கடைசியில் ஓட்டப் பந்தயத்துக்குப் பழக ஆரம்பித்தேன். பத்து மைல் பந்தயம். மற்ற நாளில் வேலை முடிந்தால் உடம்பு ஓய்ந்துபோகும். தூர ஓட்டத்துக்கு ஞாயிறு ஒன்றுதான் இருந்தது.

அதே ஞாயிறு மனைவிக்கும் வேண்டும். மாசம் ஒரு தடவை கோப்பெங் பக்கம் ரப்பர் தோட்டத்தில் இருக்கும் அவள் அப்பா அம்மாவைப் பார்க்கப் போவோம். இரண்டு மாசம் தட்டிக் கழித்தேன். மூன்றாவது மாசம் சொன்னாள்.

"நீங்க ஓடுங்க, வேணாங்கல. பிள்ளைங்க தாத்தா மூஞ்சிய மறந்துடும், அவ்வளவுதான்."

இரண்டையும் சேர்த்தே செய்துவிடலாம் என்று நினைத்தேன். பஸ் தோட்டத்து முச்சந்தியில் இறக்கிவிடும். அங்கிருந்து தொழிலாளர் வரிசை வீடுகள் இருக்கும் லயத்துக்கு நாலு மைல் செம்மண் சாலை. பாசாருக்குச் சாமான் வாங்கப் போன தோட்டத்து லோரி திரும்பும்போது ஏற்றிக்கொள்ளும். மனைவியையும் இரண்டு பிள்ளைகளையும் முச்சந்திச் சீனர் கடையில் உட்கார வைத்தேன். சட்டையைக் கழற்றி அவள் பையில் போட்டேன். பனியன், கால்சட்டை, கேன்வாஸ் சப்பாத்து. ஓடினேன்.

பந்தயத்துக்கு ஒரு வாரம்தான் இருந்தது. முழு மூச்சாக ஓடினேன். லயம் நெருங்கும்போது தெரிந்தவர்கள் நின்று பார்த்தார்கள். யாரும் கூப்பிடவில்லை.

மாமியார் வாசலில் துணி காயப் போட்டுக்கொண்டிருந்தார். நான் முழங்காலில் கையை ஊன்றிக் குனிந்து நின்றேன். பேச்சு வரவில்லை. அவர் உள்ளே போய்ச் சொம்பில் தண்ணீர் கொண்டுவந்தார். ஓடி முடித்ததும் தண்ணீர் குடிக்கக் கூடாது என்று கூட ஓடுகிறவர்கள் சொல்லியிருந்தார்கள். வேண்டாம் என்று கையசைத்தேன்.

சொம்பு கீழே விழுந்தது.

லயத்தில் டெலிபோன் கிடையாது. சாவுச் செய்தியை ஆள்தான் கொண்டுவருவான். ஓடி வருவான். வாசலிலேயே நிற்பான். தண்ணீர் கொடுத்தால் வாங்க மாட்டான். அதுதான் அங்கே வழக்கம். நானும் தோட்டத்தில் பிறந்தவன்தான். எனக்கும் தெரியும். அந்த நேரம் நினைப்பில் இல்லை.

"என் மவ எங்கய்யா? பிள்ளைங்க எங்கய்யா?"

மாரில் அடித்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டார். பக்கத்து வீடுகளிலிருந்து பெண்கள் அழுதுகொண்டே ஓடி வந்தார்கள். மாமனார் பாதி சவரத்தோடு வெளியே வந்தார். என்னைப் பார்த்தார். ஒன்றும் கேட்கவில்லை. செம்மண் சாலையில் வெறுங்காலோடு ஓட ஆரம்பித்தார்.

எனக்கு மூச்சு வந்தது. "ஒண்ணும் இல்ல! லோரியில வராங்க!" என்று கத்தினேன். அழுகையில் யாருக்கும் கேட்கவில்லை. பின்னாலேயே ஓடினேன். கால் மரத்துப் போயிருந்தது. பந்தயத்துக்குப் பழகுகிறவன் நான். அறுபது தாண்டிய மனிதரைப் பிடிக்க முடியவில்லை.

சின்னப் பாலத்துக்குப் பக்கத்தில் அவர் விழுந்தார். தூக்கி மடியில் போட்டுக்கொண்டேன். உதடு கறுத்திருந்தது. "மாமா, நல்லா இருக்காங்க மாமா" என்றேன். நம்பவில்லை. என் பனியனைப் பிடித்து இழுத்தார்.

லோரி வந்தது. மனைவி குதித்து இறங்கினாள். அவர் மகள் முகத்தைத் தடவினார். பிறகு பிள்ளைகள் தலையை, ஒவ்வொன்றாக. அப்புறம்தான் அழுதார். அதற்கு முன் அவர் அழுது நான் பார்த்ததே இல்லை.

"என்னங்க செஞ்சீங்க?" என்றாள் மனைவி.

லோரியில் ஏற்றிக்கொண்டு போனோம். தோட்டத்து ஆஸ்பத்திரி டிரஸ்ஸர் வந்து நெஞ்சைப் பார்த்தார். பயந்ததுதான், படுக்கட்டும் என்றார். மாமியார் பிள்ளைகளை மடியை விட்டு இறக்கவே இல்லை. பக்கத்து வீட்டு அண்ணன் எட்டிப் பார்த்தார்.

"மாப்பிள்ள, அடுத்த தடவ சிரிச்சிக்கிட்டே ஓடி வாங்க லா. சாவுன்னு நெனச்சி பாதி லயம் தலமுழுகக் கெளம்பிடுச்சி."

யாரும் சிரிக்கவில்லை.

சாயங்காலம் கிளம்பும்போது மாமனார் கண்ணைத் திறந்தார்.

"பந்தயம் என்னிக்கு?"

"வர்ற ஞாயிறு, மாமா."

"ஓடுங்க. பிள்ளைங்களயும் கூட்டிட்டுப் போங்க, பாக்கட்டும்." கொஞ்ச நேரம் மூச்சு வாங்கினார். "இங்க மட்டும் ஓடி வராதீங்க."

சரி என்றேன்.