அய்யா கொடுத்த சதை

மதுரையில் எங்கள் அய்யாவுக்குக் குடலில் புற்றுநோய்க் கட்டியை எடுப்பதற்கு முந்தின நாள், ஒரு அறக்கட்டளைப் பெண் கட்டிலருகே வந்தாள். வெட்டி எடுக்கும் சதையில் கொஞ்சத்தை ஆராய்ச்சிக்காக உறைகுளிரில் சேமித்து வைக்க ஆஸ்பத்திரிக்கு உதவுகிறோம், சம்மதமா என்று கேட்டாள். “குப்பைக்குப் போறது நாலு பேருக்கு ஆகட்டுமே” என்று அய்யா கையெழுத்துப் போட்டார். தொடர்புக்கு என் நம்பரைக் கொடுத்தேன். எட்டு மாதத்தில் அய்யா போய்விட்டார்.

மூன்று வருஷம் கழித்து, தொண்டியில் நான் மீன் வாங்கிக்கொண்டிருந்தபோது அந்தப் பெண்ணே கூப்பிட்டாள்.

“பயப்படாதீங்கக்கா” என்றுதான் ஆரம்பித்தாள். “அப்ப எடுத்து வச்ச சதையைச் சோதிச்சதுல, உங்க அப்பாவுக்கு வந்தது பரம்பரையா வர்ற வகைன்னு தெரிஞ்சிருக்கு. நீங்களும் கூடப்பொறந்தவங்களும் வந்து ரத்தம் குடுத்துப் பாத்துக்கங்க.”

எனக்கு இருப்பது ஒரே அண்ணன். மறுநாள் காலையில் நயினார்கோவில் பஸ் ஏறினேன். அண்ணன் களத்தில் மிளகாய் காயப்போட்டுக்கொண்டிருந்தான். நான் சொன்னதைக் கேட்டான், நிமிரவில்லை.

“செத்த மனுசனையும் விட மாட்டாகளா? எனக்கு ஒண்ணுமில்ல. நீ போ.”

பஸ் நிறுத்தம் வரை மதினி கூட வந்தாள். பஸ் கண்ணுக்குத் தெரிந்த பிறகுதான் வாயைத் திறந்தாள்.

“ஒங்கண்ணனுக்கு ரெண்டு மாசமா வெளிய போறப்ப ரத்தம் போகுது. ஒங்கிட்டச் சொல்லக் கூடாதுன்னு எந்தலையில அடிச்சுச் சத்தியம் வாங்கியிருக்காக.”

நான் பஸ்ஸை விட்டுவிட்டுத் திரும்பி நடந்தேன். அண்ணனிடம் சண்டை போடவில்லை. அவன் பக்கத்தில் உட்கார்ந்து மிளகாயைக் கிளறினேன். பாதிக் களத்தைக் கிளறி முடித்தபோது, “அய்யா மாதிரித்தான் ஆகுமா?” என்று கேட்டான். “போய்ப் பாத்துட்டு வருவோம், வா” என்றேன்.

அந்த வாரமே இருவரும் மதுரைக்குப் போனோம். என் ரத்தத்தில் அந்தக் கோளாறு இல்லை. அவனுக்கு இருந்தது, குடலில் கட்டியும் இருந்தது. பரவுவதற்கு முன் பிடித்துவிட்டோம் என்று டாக்டர் சொன்னார். ஆபரேஷன் முடிந்து, இப்போது நடமாடுகிறான். எனக்கு இல்லை என்பதை அவன் முகத்தைப் பார்த்துச் சொல்ல முடியாமல், மதினியிடம்தான் சொன்னேன்.

அண்ணனின் மூத்த மகளுக்குப் பதினெட்டு வயது முடிந்துவிட்டது. போன வாரம் அவளும் ரத்தம் கொடுத்தாள். முடிவு வர ஒரு மாதம் ஆகும் என்றார்கள். அண்ணன் இப்போது அவளை மட்டும் மிளகாய்க் களத்து வெயிலில் இறங்க விடுவதில்லை.