வாசல் வாசலாகப் போன திருத்தம்

பேத்திக்குப் பல்கலைக்கழகத்தில் இதழியல் படிக்க இடம் கிடைத்திருக்கிறது. நேற்று கூடத்தில் உட்கார்ந்து செய்தித்தாள்களை வெட்டி நோட்டில் ஒட்டிக்கொண்டிருந்தாள். கடைப் பசை தீர்ந்துபோனதால் அவள் அம்மா கஞ்சிப் பசை காய்ச்சிக் கொடுத்திருந்தாள். அந்த வாடை மூக்கில் ஏறியதுதான் தாமதம், நான் புதுக்கோட்டைக் கல்லூரி விடுதியின் அடுப்படியில் போய் நின்றேன்.

எங்கள் காலத்தில் பத்திரிகைத் தொழிலுக்கு வகுப்பு ஏது? யுத்தம் நடந்துகொண்டிருந்த சமயம். அச்சுக்கூடத்துப் படியேற எங்களுக்கு வக்கில்லை. கையெழுத்துப் பத்திரிகை நடத்தினோம். மாதம் ஓர் இதழ், அதுவும் ஒரே பிரதி. விடுதிக்குள்ளும் பக்கத்து ஊர் நண்பர்களிடமும் ஆள் மாறி ஆள் போகும். படித்தவர்கள் கடைசிப் பக்கத்தில் பெயர் எழுத வேண்டும். ஆசிரியர் ஜமால், ஜெகதாப்பட்டினத்துக்காரன், என் வகுப்புத் தோழன். அவன் கையெழுத்து முத்து முத்தாக இருக்கும். என்னுடையது கோழி கிளறியது. ஆனாலும் பெயருக்குக் கீழே ‘நிருபர்’ என்று போட்டுக்கொள்வதில் குறைச்சலில்லை. தாள்களை ஒட்டப் பசை காய்ச்சிக் கொடுப்பவர் விடுதிச் சமையற்காரர் ராசு அண்ணன்.

அவர் காய்ச்சிய பசையால் ஒட்டிய இதழில்தான் அவரைத் திருடன் என்று எழுதினேன். வெட்கக்கேடு!

அந்த மாதம் ஜமால் காய்ச்சலோடு ஊருக்குப் போயிருந்தான். ராசு அண்ணன் பின்வாசல் வழியாக அரிசி மூட்டையைத் தூக்கிப் போவதை என் கண்ணால் பார்த்தேன். போதாதா? ‘விடுதி அரிசி எங்கே போகிறது?’ என்று தலைப்புக் கொடுத்து நானே எழுதி, நானே ஒட்டி, முதலில் வார்டனிடம் நீட்டினேன். புழுத்த அரிசியை மாற்றக் கடைக்குக் கொண்டுபோனேன் என்று ராசு அண்ணன் தலையில் அடித்துக்கொண்டு சொன்னார். “எழுத்துலயே வந்திருச்சே, பொய்யாவா இருக்கும்?” என்று அவரை அன்றைக்கே வேலையைவிட்டு நிறுத்திவிட்டார் வார்டன். மூன்று பிள்ளைகளின் தகப்பன்.

அடுத்த வாரம் கடைக்காரர் புழுத்ததற்கு மாற்றாக நல்ல அரிசியை வண்டியில் அனுப்பிவைத்தார். அன்றுதான் ஜமாலும் திரும்பினான்.

“அவர்ட்ட கேட்டியாடா?”

“கண்ணால பாத்தேன்ல.”

“கேட்டியா, இல்லியா?”

அதற்குள் பதினோரு பேர் படித்திருந்தார்கள். அடுத்த இதழில் திருத்தம் போடலாம் என்று இழுத்தேன். “அதுவரைக்கும் அவரு திருடனாவே இருக்கணுமா? கடைசிப் பக்கத்துல பேரு இருக்குல்ல, ஒவ்வொருத்தர்ட்டயும் போய்ச் சொல்லு. அப்பறம் அவரு மொகத்துல முழி” என்றான்.

போனேன். கீரனூருக்கு பஸ். குன்றாண்டார்கோவிலுக்குப் பொடிமண் சுடும் வெயிலில் நடை. அங்கே ஒருவன், “இதுக்காடா இம்புட்டுத் தூரம் வந்தே?” என்று சிரித்துவிட்டு, மோர் கொடுத்தான். முதலில் படித்த வார்டனிடம்தான் கடைசியாக, பதினோராவது ஆளாகப் போனேன். அவர் உடனே ராசு அண்ணனைக் கூட்டிவரச் சொன்னார்.

திருக்கோகர்ணத்தில் அவர் வீட்டு வாசலில் நின்று அழுதேவிட்டேன். அவர் திட்டவில்லை. “ஒரு வார்த்தை கேட்டிருக்கலாமே தம்பி. அடுப்படியிலதானே இருந்தேன்” என்றார். மறுநாள் அடுப்பு மூட்ட வந்துவிட்டார்.

பிறகு பத்திரிகைச் சோறு நெடுங்காலம் சாப்பிட்டேன். கேட்காமல் எழுதக் கை வரவில்லை. ஜமாலுக்கும் ராசு அண்ணனுக்கும் நான் பட்டிருக்கும் நன்றிக்கடன் கொஞ்சநஞ்சமல்ல. இருவருமே இப்போது இல்லை, விடுதியையும் இடித்துவிட்டார்கள். ஆனால் நான் பெரிதாக இழந்தது வேறு: அந்தக் கடைசிப் பக்கத்துப் பெயர்களை. அச்சில் எழுதிய காலத்திலும் தவறு செய்திருக்கிறேன். ஐந்தாம் பக்கத்து மூலையில் எறும்பளவு எழுத்தில் வருத்தம் தெரிவித்தோம். யார் படித்தார்கள், யார் வீட்டில் யாரைப்பற்றித் தப்பாகப் பேசிக்கொண்டிருந்தார்கள், எனக்குத் தெரியாது. போய்ச் சொல்லலாம் என்றால், எந்த வாசலுக்குப் போவேன்?